உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழா: 25 வயதுக் கோட்டில் நிற்கும் எங்கள் மாணவர்கள்

2025 யூலையில் யேர்மனியின் ரைன்-ரூர் பகுதியில் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழா நடந்தது. டூயிஸ்பேர்க், எசன், போகும், ஹாகன், மியூல்ஹைம் ஆகிய நகரங்களிலும் தலைநகர் பேர்ளினிலுமாகப் பன்னிரண்டு நாட்கள் போட்டிகள். இந்த ஊர்ப் பெயர்கள் எங்களுக்குப் புதியவையல்ல. எண்பதுகளில் நாட்டை விட்டுப் போன எத்தனையோ பேரின் கடிதங்கள் இந்தப் பக்கத்து முத்திரைகளோடுதான் வீட்டுக்கு வந்தன. காமாட்சி அம்மன் கோயில் இருக்கும் ஹம் நகரமும் அங்கிருந்து தூரமில்லை. 1989இலும் இதே விழா டூயிஸ்பேர்க்கில் நடந்திருக்கிறது. அப்போது எங்கள் இளைஞர்கள் பலர் யேர்மனியின் அகதி விடுதிகளில் விசாரணைக்குக் காத்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில் இருந்திருக்க வேண்டிய வயதினர் அவர்கள்.

ஒலிம்பிக்குக்கு அடுத்ததாக வைத்துப் பேசப்படும் இந்த விழாவைப் பற்றி எங்கள் பக்கத்து மாணவர்களிடம் கேட்டால் பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அது தங்களுக்குரியதென்று நினைப்பதில்லை. இது என்ன, எப்படி வந்தது, யார் போகலாம் என்று ஒரே இடத்தில் எழுதி வைத்தால் ஒரு சிலருக்காவது பயன்படும் என்பதால் எழுதுகிறேன். இதில் ஒரு வயதுக் கணக்கு இருக்கிறது. அதை எங்கள் பெற்றோரும் ஆசிரியர்களும் கட்டாயம் பார்க்க வேண்டும்.

போர்களுக்கு நடுவே வளர்ந்த விழா

முதலாம் உலகப் போர் முடிந்து ஐந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 1923 மே மாதம், ஜோன் பெத்திஜோன் என்ற பிரெஞ்சுக்காரர் பரிஸ் நகரில் பல நாட்டு மாணவர்களைக் கூட்டிப் போட்டி நடத்தினார். அடுத்த ஆண்டு வார்சோவில் நடந்தது. யுனெஸ்கோ 2015இல் செப்டெம்பர் 20ஐ பல்கலைக்கழக விளையாட்டுக்கான சர்வதேச நாளாக அறிவித்தது அந்த வார்சோப் போட்டியின் நினைவாகத்தான். பிறகு ரோம், டார்ம்ஸ்டட், டூரின், புடாபெஸ்ட் என்று நகர்ந்தது. 1939 ஓகஸ்டில் உலகம் போலவே இதுவும் இரண்டாகப் பிளந்தது. ஒரு பகுதி மொனாகோவில், நாசி யேர்மனி நடத்திய மறு பகுதி வியன்னாவில். அடுத்த மாதம் போர் தொடங்கிவிட்டது.

போருக்குப் பின்னும் மாணவர்கள் ஒன்றுசேரவில்லை. கிழக்கு முகாமும் மேற்கு முகாமும் தனித்தனி மாணவர் அமைப்புகளை வைத்துத் தனித்தனியாகப் போட்டி நடத்தின. சர்வதேசப் பல்கலைக்கழக விளையாட்டுச் சம்மேளனம் 1949இல் மேற்கு நாடுகளின் அமைப்பாகவே உருவானது. 1957இல் பரிஸ் நகரில்தான் இரு பக்க மாணவர்களும் மீண்டும் ஒரே மைதானத்தில் ஓடினார்கள். அந்தச் சூட்டோடு 1959இல் இத்தாலியின் டூரின் நகரில் நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளைக் கூட்டி நடத்தப்பட்டதுதான் முதலாவது ‘யுனிவர்சியாட்’. பல்கலைக்கழகம், ஒலிம்பியாட் என்ற இரு சொற்களையும் சேர்த்துச் செய்த பெயர். அதற்குப் பின்னால் நின்றவர் பிறிமோ நெபியோலோ. பிற்காலத்தில் உலக மெய்வல்லுநர் சம்மேளனத்தையே பல ஆண்டுகள் ஆண்டவர். 2020இலிருந்து விழாவின் பெயர் உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழா என்று மாறியிருக்கிறது. சம்மேளனத்தின் தலைமையகம் இப்போது சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில்.

டூரினில் எடுத்த ஒரு முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. வென்றவர் மேடையில் ஏறும்போது தேசிய கீதம் இசைக்கப்படவில்லை. ஐரோப்பிய மாணவர்கள் நூற்றாண்டுகளாகப் பாடிவந்த ‘கௌதெயாமுஸ் இகிதூர்’ என்ற இலத்தீன் பாடல்தான் எல்லோருக்கும் ஒலித்தது. பனிப்போர் நடுவே எந்த நாட்டுக் கீதம் என்ற சண்டையைத் தவிர்க்க அது உதவியது. எந்த மொழியில் எந்தக் கீதம் என்ற கேள்விக்குப் பழகிப்போன எங்களுக்கு அதன் அருமை விளங்கும்.

போரும் அரசியலும் விழாவை விட்டுப் போனதில்லை. 1987இல் யூகோஸ்லாவியாவின் சாகிரெப் நகரம் விழாவை நடத்தியது. நான்கே ஆண்டுகளில் அந்த நாடு உடைந்து, விருந்தோம்பிய நகரமே குண்டுவீச்சைப் பார்த்தது. 1999இல் நேட்டோவின் குண்டுகள் விழுந்த பெல்கிரேட், பத்து ஆண்டுகள் கழித்து 2009இல் விழாவை நடத்தியது. 2023 விழா ரஷ்யாவின் யெகாத்தரின்பேர்க்கில் நடந்திருக்க வேண்டியது. உக்ரேன் மீதான படையெடுப்பின் பின் அது நடக்கவில்லை. கொரோனாவால் பிந்திய செங்டு விழாதான் 2023இல் நடந்தது. அங்கும் அருணாசலப் பிரதேசத்தைச் சேர்ந்த மூன்று வூஷு வீரர்களுக்குச் சீனா கடவுச்சீட்டில் பதியாமல் தனித்தாளில் வீசா கொடுக்க, இந்தியா முழு வூஷு அணியையும் அனுப்பாமல் நிறுத்தியது. மாணவர் விளையாட்டில் அரசியல் இல்லை என்று மேடையில் பேசுபவர்கள் அந்த மூன்று பிள்ளைகளிடம் போய்ச் சொல்லட்டும்.

உண்மையான மாணவர்

இந்த விழாவில் நடந்த மிகப் பெரிய ஓட்டம் 1979 செப்டெம்பர் 12இல் மெக்சிக்கோ நகரில் நடந்தது. இத்தாலியின் பியெத்ரோ மென்னேயா 200 மீற்றரை 19.72 வினாடியில் ஓடினார். 1968 ஒலிம்பிக்கில் இதே நகரில் ரொமி ஸ்மித் நிலைநாட்டிய 19.83 வினாடிச் சாதனை அன்று விழுந்தது. கறுப்புக் கையுறை அணிந்த கையை மேடையில் உயர்த்தினாரே, அதே ஸ்மித். அவரும் அப்போது பல்கலைக்கழக மாணவர்தான். மென்னேயாவின் நேரம் 1996 வரை பதினேழு ஆண்டுகள் உலக சாதனையாக நின்றது. ஓட்டத்தை விட அவர் படிப்பே எனக்கு வியப்பு. அரசறிவியல், சட்டம், உடற்கல்வி, இலக்கியம் என்று நான்கு பட்டங்கள் பெற்றார். ஐரோப்பிய பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

எல்லோரும் மென்னேயா போன்றவர்களல்லர். 2013இல் கசான் நகரில் விழாவை நடத்திய ரஷ்யா 155 தங்கங்களோடு 292 பதக்கங்களை அள்ளியது. ஒலிம்பிக் தரத்து வீரர்களை மாணவர் என்ற பெயரில் இறக்கினால் அப்படித்தான் வரும். வயதின் மேலெல்லை அப்போது 28. அந்த எல்லை பின்னர் குறைக்கப்பட்டதற்கு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அதற்கு முன் எங்கள் கதை கொஞ்சம்.

எங்கள் மைதானங்கள்

பல்கலைக்கழக மாணவராக இருந்துகொண்டு சர்வதேச மேடையில் வென்ற எங்கள் முதல் மனிதர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் பிள்ளை. 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனபோது வயது 17. பின்னர் அமெரிக்காவில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டே பாய்ந்தார். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தைக் கொண்டுவந்தார். அந்த விழா மே 24இலிருந்து ஜூன் 1 வரை நடந்தது. அதே நாட்களில்தான் இங்கே தமிழர்கள் வெட்டப்பட்டும் எரிக்கப்பட்டும் கொண்டிருந்தார்கள். மே 27இல் அவசரகாலச் சட்டம் வந்தது. ஒரு தமிழ் மாணவன் இந்த நாட்டின் கொடியை டோக்கியோவில் ஏற்றிய கிழமையும், கொழும்பிலிருந்து தமிழர்கள் கப்பலில் ஊருக்கு அனுப்பப்பட்ட காலமும் ஒன்றுதான். அவர் பின்னர் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். 2024இல் மறைந்தார்.

அவருக்குக் கிடைத்த அமைதியான பல்கலைக்கழக ஆண்டுகள் அவருக்குப் பின் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் 1974இல் வளாகமும் 1979இல் தனிப் பல்கலைக்கழகமும் வந்தன. 1987 ஒக்டோபரில் அதன் உதைபந்தாட்ட மைதானத்தில்தான் இந்தியப் படை உலங்குவானூர்தியில் இறங்கியது. விடியும்போது மைதானம் போர்க்களம். கிழக்கில் வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமானது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேர் பிடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கில் 1999இல் திருத்த வேலைக்காகத் தோண்டியபோது எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அந்த அரங்கு புதுப்பிக்கப்பட்டு 2016 ஜூனில் மீண்டும் திறக்கப்பட்டது. பிள்ளைகள் இப்போது அதில் ஓடுகிறார்கள். ஓடத்தான் வேண்டும்.

நான் பல்கலைக்கழகத்தில் 400 மீற்றர் ஓடியவன். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய், அடுத்த ஆண்டு திரும்பி வந்து, உயர்தரம் எழுதி, அனுமதி கிடைத்து உள்ளே போகும்போது எனக்கு 22 வயது. எங்கள் பட்ஜில் என்னை விட மூத்தவர்களும் இருந்தார்கள். தெற்கில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி என்றால் பாதுகாப்பு அனுமதிக்குக் கிழமைக்கணக்கில் முன்னரே எழுதிக் கொடுக்க வேண்டும். காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், அங்கிருந்து பஸ். ஒருமுறை சோதனைச் சாவடியில் எங்கள் அணித் தோழனின் சப்பாத்து ஆணிகளை ஒரு சிப்பாய் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். எதற்கு இவ்வளவு ஆணி என்று கேட்டார். ஓடுவதற்கு என்றோம். எங்கே ஓடுவதற்கு என்றார். நாங்கள் சிரிக்கவில்லை. கடல் மயக்கத்தோடு போய்ச் சேர்ந்த அடுத்த நாள் காலை தகுதிகாண் ஓட்டம்.

அப்படி வந்தும் நல்ல நேரம் ஓடிய ஒருவன் எங்களோடு இருந்தான். அவனைத் தேசியத் தேர்வுக்கு அழைக்கும் கடிதம் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள். யாரைக் குறை சொல்வது என்று அப்போதும் தெரியவில்லை. பட்டம் பெற்றபோது அவனுக்கு வயது 27. அந்நாளைய எல்லைப்படி இன்னும் ஒரு ஆண்டு மிச்சம் இருந்தது. இன்றைய விதிப்படி பார்த்தால் அவன் மூன்றாம் வருடத்திலேயே கிழவன்.

விதிகளும் கணக்கும்

இன்றைய விதி இதுதான். விழா நடக்கும் ஆண்டின் டிசம்பர் 31இல் 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 25ஐத் தாண்டக் கூடாது. பல்கலைக்கழகத்திலோ அதற்குச் சமமான நிறுவனத்திலோ பதிவு செய்த மாணவராக, அல்லது முந்திய ஆண்டில் படிப்பை முடித்தவராக இருக்க வேண்டும். எந்த நாட்டுக்காகப் போட்டியிடுகிறாரோ அந்த நாட்டின் குடியுரிமை வேண்டும். படிப்பது எந்த நாட்டிலும் இருக்கலாம். தமிழ்நாட்டு முகாமில் பிறந்து அங்கேயே கல்லூரிக்குப் போகும் எங்கள் பிள்ளைக்கு இதன் பொருள் என்ன? இந்தியாவுக்காகப் போக முடியாது. இலங்கைக் குடியுரிமைப் பத்திரமும் கடவுச்சீட்டும் கையில் இருந்தால் மட்டுமே இலங்கைக்காகக் கேட்கலாம். பல குடும்பங்களில் அந்தப் பத்திரமே இல்லை. போகுமில் படிக்கும் புலம்பெயர்ந்தோர் பிள்ளை யேர்மன் குடியுரிமை பெற்றிருந்தால் யேர்மனிக்காக ஓடலாம்.

தனியாளாக விண்ணப்பிக்கும் போட்டியல்ல இது. ஒவ்வொரு நாட்டிலும் சம்மேளனத்தின் உறுப்பு அமைப்பு ஒன்று இருக்கும். அதன் மூலமே பெயர் போகும். இலங்கையில் அது பல்கலைக்கழகங்களின் விளையாட்டுச் சங்கம். மாணவர் என்பதைப் பல்கலைக்கழகம் எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும். பயணச் செலவும் அங்கு தங்கும் நாட்களுக்கான கட்டணமும் அனுப்பும் நாட்டின் பொறுப்பு. பணம் இல்லாத காலத்தில் அணி எப்படிச் சுருங்கும், சுருங்கும்போது யார் முதலில் வெளியே நிற்பார்கள் என்பது எங்களுக்குத் தெரிந்த கதை.

கட்டாய விளையாட்டுகள் 15. மெய்வல்லுநர், நீச்சல், நீரில் பாய்தல், நீர்ப்பந்து, கூடைப்பந்து, கரப்பந்து, பட்மின்டன், மேசைப்பந்து, டெனிஸ், ஜூடோ, டைக்வொண்டோ, வாள்வீச்சு, அம்பெய்தல், இரண்டு வகை ஜிம்னாஸ்டிக்ஸ். கிரிக்கெட்டும் வலைப்பந்தும் இல்லை. உதைபந்து 2019 நேப்பிள்ஸ் வரை இருந்து பின்னர் போய்விட்டது. வடக்கு, கிழக்குப் பாடசாலைகள் நன்றாகச் செய்வதில் மெய்வல்லுநரும் கரப்பந்தும் இந்தப் பட்டியலுக்குள் வருகின்றன. கோலூன்றிப் பாய்தலில் தேசிய மட்டத்தில் எங்கள் பிள்ளைகள் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரியும்.

இனி அந்த வயதுக் கணக்கு. 2017 தாய்ப்பே விழாவரை மேலெல்லை 28. 2019இலிருந்து 25. பதினெட்டு வயதில் பல்கலைக்கழகம் போய் இருபத்திரண்டில் வெளியே வரும் நாடுகளுக்கு இது ஒரு குறையே இல்லை. எங்கள் நாட்டில் 19 வயதில் உயர்தரம். பெறுபேற்றுக்கும் வெட்டுப்புள்ளிக்கும் அனுமதிக்கும் காத்திருந்து உள்ளே போகும்போது 21. பகிஷ்கரிப்புகள், மூடல்கள் எல்லாம் கடந்து பட்டம் வரும்போது 25 அல்லது 26. விழாவோ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. உயர்தரத்துக்காக ரியூசன் வகுப்புகளில் கழிந்த இரண்டு ஆண்டுகளில் பயிற்சி நின்றுபோய், முதல் வருடத்தில் மீண்டும் உடம்பைத் தயார்படுத்தி எழும்பும் ஒருவருக்கு உண்மையில் ஒரே ஒரு விழாதான் மிஞ்சும்.

உதாரணத்துக்கு அடுத்த விழாவை எடுங்கள். 2027 ஓகஸ்டில் தென்கொரியாவின் சுங்சோங் பகுதியில் நடக்கிறது. 2002க்கும் 2009க்கும் இடையில் பிறந்தவர்கள் தகுதி. 2002இல் பிறந்தவர்களின் உயர்தரப் பரீட்சை 2021இல் நடந்திருக்க வேண்டும். நடந்தது 2022 பெப்ரவரியில். அதற்கு அடுத்த தொகுதியின் 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில். நாட்டின் பொருளாதாரம் விழுந்த காலம் வேறு. இவர்கள் செய்யாத குற்றத்துக்கு இவர்கள் வயது கூடிவிட்டது.

கொரோனாவுக்காகச் சம்மேளனம் இறங்கி வந்தது. செங்டு விழா இரண்டு ஆண்டுகள் பிந்தியதால் அந்த ஒரு விழாவுக்கு மேலெல்லை 27 ஆக்கப்பட்டது. விழா பிந்தினால் வயது நகரும். மாணவரின் படிப்பு பிந்தினால் நகராது. போராலோ நாட்டுச் சீர்குலைவாலோ பல்கலைக்கழக அனுமதி பிந்திய நாடுகளின் மாணவர்களுக்கு ஒன்றிரண்டு ஆண்டுத் தளர்வு கேட்பது அநியாயமான கோரிக்கை என்று நான் நினைக்கவில்லை. கேட்க வேண்டியது எங்கள் நாட்டின் விளையாட்டுச் சங்கம். அதைக் கேட்கச் சொல்ல வேண்டியவர்கள் எங்கள் பல்கலைக்கழகங்களின் உடற்கல்விப் பகுதிகள்.

உள்ளே செய்யக்கூடியவை

லொசானிலிருந்து எதுவும் வராமலே இங்கு திருத்தக்கூடிய ஒன்று பரீட்சை. பல பீடங்களில் 80 சதவீத வரவு இல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. போட்டிக்குப் போய்ப் பரீட்சையைத் தவறவிட்டால் அடுத்த தொகுதியோடு ‘ரிபீட்’ எழுதுபவராகக் கணக்கிட்டுப் புள்ளியைக் குறைக்கும் வழக்கமும் இருக்கிறது. வகுப்புச் சித்தி போனால் வேலை போகும் என்று பயப்படும் வீட்டில், ஒரு வாரப் போட்டிக்குப் பிள்ளையை அனுப்பும்படி யாரும் கேட்க முடியாது. தோட்டம் ஈடு வைத்துப் படிக்க வைக்கும் அப்பாவிடம் பதக்கத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், பரீட்சையை வேறொரு நாளில் முதல் முறையாகவே எழுதலாம் என்ற எழுத்து மூல உறுதி வேண்டும். மூதவை ஒரு கூட்டத்தில் தீர்மானிக்கக்கூடிய விடயம் இது.

இன்னொன்று கடிதங்கள். பெரிய நாடுகளே இதில் சறுக்குகின்றன. செங்டுவில் 26 பதக்கம் வென்ற இந்தியா, அதில் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனின் துப்பாக்கி சுடுதல் தங்கமும் அடங்கும், 2025இல் ரைன்-ரூருக்கு 12 பட்மின்டன் வீரர்களை அழைத்துப் போனது. அவர்களில் ஆறு பேரின் பெயர்களை அதிகாரிகள் முறையாகச் சமர்ப்பிக்கவில்லை. யேர்மனி வரை போன அந்த ஆறு பேரும் களத்தில் இறங்காமலே திரும்பினார்கள். அணி வெண்கலம் வென்றது அவர்களில்லாமல். எங்கள் மாணவர்கள் தங்கள் பெயர், பிறந்த திகதி, பதிவு இலக்கம், கடவுச்சீட்டு எல்லாம் எங்கே எந்த மேசையில் இருக்கின்றன என்று தாங்களே கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. வெட்கப்பட வேண்டியதில்லை. கடவுச்சீட்டைத் தெரிவு வந்த பிறகு எடுக்கலாம் என்று விடவும் கூடாது.

2009இல் பிறந்த பிள்ளைகளை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. பதுங்கு குழியிலும் செட்டிகுள முகாமிலும் பிறந்தவர்கள். வழமைப்படி 2028இல் உயர்தரம் எழுதுவார்கள். 2029இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் விழா நடக்கும்போது பெறுபேற்றோடு அனுமதிக்குக் காத்திருப்பார்கள். 2031 விழாவில் 22 வயது. 2033இல் 24. அவர்களுக்கு இருப்பது இந்த இரண்டு விழாக்கள்தான். 2035இல் வயது 26, கதவு மூடியிருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு உயர்தரக் காலத்திலும் கிழமைக்கு மூன்று மாலை மைதானத்துக்குப் போக வீட்டில் விடுவார்களா என்பதில்தான் 2031 இருக்கிறது.